ஏறினால் இறங்க முடியாத வண்டி

காலையில் என்னை வண்டியில் ஏற்றிவிடுவது என் மனைவியின் வேலை. சும்மா சொல்லவில்லை. நான் பைக்கில் பிளாஸ்டிக் சாமான் விற்பவன். இரண்டு பக்கமும் வலை மூட்டை, அதில் வாளியும் பேசினும். முதுகுக்குப் பின்னால் என் தலையைத் தாண்டி நிற்கும் குடங்கள். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வாள், நான் நடுவில் நுழைந்து உட்காருவேன். கடைசியாகப் பெட்ரோல் டேங்க் மேல் பாய்க்கட்டை வைத்து, என் வயிற்றோடு ஒட்டி இறுக்குவாள். அதற்கப்புறம் காலைப் பின்னாலும் தூக்க முடியாது, முன்னாலும் தூக்க முடியாது. சைடு ஸ்டாண்டு மூட்டைக்கு அடியில் எங்கோ இருக்கும். முடிச்சு ஹெட்லைட்டுக்குக் கீழே, என் கைக்கு எட்டாது. விற்கிற தெருவில் யாராவது அவிழ்த்துவிட்டால்தான் நான் இறங்கலாம். வழியில் ஒன்றுக்கு வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தது அவளுடைய அண்ணன், லாரி டிரைவர். லாரிக்குப் போடுகிற மாதிரியே ஒரே கயிறு, எல்லாவற்றையும் சுற்றி வரும். எங்கள் பக்கத்தில் கட்டு என்றால் அசையக் கூடாது. சரக்கு அசையவில்லை. நானும் அசையவில்லை.

போன சித்திரையில் சேலத்திலிருந்து நாமக்கல் போகும்போது, மல்லூர் தாண்டி ஒரு பஸ் என்னை உரசுகிற மாதிரி முந்தியது. அந்தக் காற்றில் குடங்கள் இடப்பக்கம் சாய்ந்தன. கூடவே வண்டியும் சாய்ந்தது. ஓரத்து இரும்புத் தடுப்பில் இடித்து நின்றேன். இடது கால் வண்டிக்கும் தடுப்புக்கும் நடுவில். நிமிர்த்தப் பார்த்தேன், முடியவில்லை. இடித்த வேகத்தில் பாரம் இப்போது வலப்பக்கம் இழுத்தது. வலது காலைத் தூக்கினால் வண்டி ரோட்டுப் பக்கம் விழும், என் மேலே லாரி ஏறும். போன் சட்டைப் பையில், பாய்க்கட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அமுங்கிக் கிடந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வேண்டுமென்றே நிற்கிற மாதிரி ஒவ்வொரு லாரிக்காரனும் ஹாரன் அடித்தான். பைக்கில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்தார்கள். நிற்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"அண்ணா, கடை எப்பங்க தொறப்பீங்க?" என்று கத்திவிட்டுப் போய்விட்டார்கள். வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். யாருக்குக் கேட்டது?

அப்புறம் ஒருத்தர் நிறுத்தினார். பெரிய பைக், பின்னால் பூட்டுப் போட்ட அலுமினியப் பெட்டிகள், கையுறை, அந்த வெயிலிலும் ஜாக்கெட்.

"மொதல்ல எறங்குங்கண்ணா" என்றார்.

"எறங்க முடிஞ்சா நான் எதுக்குங்க இங்க நிக்கறேன்? வேண்டுதலா?"

குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ராஜஸ்தான் பாலைவனம் வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கேன். ஓட்டறவனையே லக்கேஜோட சேத்துக் கட்டி நான் பாத்ததில்ல."

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். பாரம் இழுத்ததில் அது கல்லாக இறுகியிருந்தது. பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தார்.

"அறுக்காதீங்க. ஒரே கயிறு. அத்தனையும் ரோட்டுக்குப் போயிரும்." வீட்டில் இருந்த மொத்தச் சரக்கும் வண்டியில்தான் இருந்தது.

"சரக்கா, காலா? சொல்லுங்கண்ணா."

அவர் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இடது காலில் உணர்ச்சியே இல்லை, வலது கால் தொடையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு டேங்கர் கடந்தது. வண்டி ஒருமுறை ஆடியது.

"அறுத்துத் தொலைங்க" என்றேன்.

குடங்கள் ஒவ்வொன்றாகத் துள்ளி ஓடின. ஒரு நீலக் குடம் நடு ரோடு வரை போய் லாரிச் சக்கரத்தில் டயர் வெடித்த மாதிரி வெடித்தது. அவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் தடுப்பைப் பிடித்து வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். பாரம் கீழே இருக்கணும், டேங்க் மேல் எதையும் கட்டக் கூடாது, ஓட்டுகிறவன் எந்த நேரமும் குதிக்க இடம் வேண்டும் என்று பாடம் நடத்தினார். "உங்களுக்குப் பொட்டி இருக்குது, பேசுவீங்க" என்றேன். சொன்னதெல்லாம் சரிதான். அதனால்தான் எரிச்சல் வந்தது. நன்றிகூடச் சொல்லவில்லை.

கால் வீக்கம் வடிந்து நான் மறுபடி கிளம்பின காலையில், மனைவி வழக்கம்போலப் பாய்க்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அதை ஊட்டுக்குள்ள வெய்யி" என்றேன்.

"ஏனுங்க, பாயிதானுங்க நல்லாப் போவுது."

"போவுட்டும். நான் எறங்கோணும்."

என் காலைப் பார்த்தாள். பாய்க்கட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

இப்போது குடங்கள் பாதிதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கயிறு, ஸ்டாண்டுக்குக் கால் எட்டுகிற அளவுக்குத்தான் மூட்டை. அதே ரோட்டில்தான் போகிறேன், வேறு வழி கிடையாது. சர்வீஸ் ரோடு நடுவிலேயே முடிந்துவிடுகிறது, லாரிகள் அப்படியேதான் உரசிப் போகின்றன. ஆனால் தினமும் கிளம்பும் முன் மனைவியை ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கச் சொல்கிறேன். ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டைப் போட்டு, ஒரு தடவை தனியாக இறங்கிப் பார்க்கிறேன். எதிர்வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இறங்கிய பிறகுதான் மறுபடி ஏறுகிறேன்.