நாலு சுப்பையாவும் ஒரு மைக்கும்

மைக் பிடிக்கிற வேலையில் முதலில் போவது தொண்டை, அடுத்துப் போவது ஊரில் நமக்கு இருக்கிற நல்ல பேர்.

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்களில்தான் இந்த வேலைக்கு வந்தேன். தெரணியகலை டவுனில் எங்கள் மாமா மைக்செட் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பிரின்சிபல் குரலில் "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்று கதவோரம் நின்று சொல்லி, மூன்று வகுப்பைக் காலி செய்தவள் நான். அப்படிப்பட்டவளை வீட்டில் சும்மா உட்கார வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சுனில் அய்யாவின் த்ரீவீல் ஆட்டோவுக்கு மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்சீட்டில் நான். (சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். அவரைப் பெரிய மனுசர் என்று நினைத்துவிட வேண்டாம்.) எங்கள் மலையில் பாதி இடத்தில் போன் சிக்னல் கிடையாது. சாவு, திருவிழா, டெங்கு கிளினிக், தண்ணி வராது என்கிற செய்தி, எல்லாம் என் வாய் வழியாகத்தான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும்.

யாரோ உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட, நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்ப, அவர்கள் உங்களுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்களா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. என் வகுப்பில் நாலு தர்ஷினி, நான் மூன்றாவது. ஆனால் எங்கள் தோட்டத்துச் சுப்பையாக்களோடு பார்த்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

நான் கொன்ற ஆள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மாமா எழுதின ஒரு காகிதத் துண்டைக் கையில் கொடுத்தார். "கீழ் டிவிஷனைச் சேர்ந்த சுப்பையா காலமானார்" என்று இருந்தது. நான் தொண்டையைக் கனைத்து, ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற அம்மாவின் குரலை வரவழைத்து, கேட்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வரும்படி வாசித்தேன். செத்தவர் கீழ் டிவிஷனில் பிறந்து, மகனோடு புளத்கொகுபிட்டியவில் போய் இருந்த ஒரு சுப்பையா. கீழ் டிவிஷனில் இன்னும் குடியிருக்கிற சுப்பையா வேறு. அவரை எல்லாரும் தகரம் சுப்பையா என்பார்கள். அவர் வீட்டுக்கூரை தகரம் என்பதால் அந்தப் பேர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லார் வீட்டுக்கூரையும் தகரம்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அரை மணி நேரத்தில் தகரம் சுப்பையா வீட்டு வழியில் சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி ஏறிவிட்டது. பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை. ரொட்டியை மென்று முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்லதுதான் பாப்பா. நான் செத்தா யாரு யாரு வருவாங்கன்னு பாத்துக்கிட்டேன். ரெண்டு பேரு வரல. அவங்க செத்தா நானும் போக மாட்டேன்."

பத்து நிமிசத்தில் முடிந்த கூட்டம்

அடுத்த மாதம் கீழ் டிவிஷனில் புது மண்டபம் கட்டி முடிந்தது. பேர் வைக்கக் கோயிலடியில் கூட்டம். சாதாரணமாக எங்கள் கோயில் கூட்டத்தில், பொங்கலுக்கு முந்திரியா பயறா என்பதற்கே இரண்டு மணி நேரம் ஆகும். அன்றைக்கு யாரோ "சுப்பையா மண்டபம்" என்றார்கள். அவ்வளவுதான். ஒருவரும் மறுக்கவில்லை. கைதட்டல். கல் வெட்டக் கொடுத்தாயிற்று.

தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கோயில் கமிட்டிக்குச் செயலாளரும் அவர்தான். நான் அதிகம் நடித்துக் காட்டுகிற குரல் அவருடையது. கூட்டம் கலைந்த பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டே, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "இந்தச் சனம் ஒருநாளும் இப்பிடி ஒத்துப்போனதில்லை. எங்கையோ ஒரு பிழை இருக்குது."

காத்துக்குத் தெரியாத டிவிஷன்

பிழை எங்கே என்று திறப்பு விழாவுக்கு அறிவித்தல் சொல்லக் கிளம்பிய அன்று தெரிந்தது. மேல் டிவிஷன் முச்சந்தியில் கடை ராஜு அண்ணன் த்ரீவீலை மறித்தார். அவருடைய பூட்டன் பெரிய கங்காணி சுப்பையா. தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, கோயிலுக்கு முதல் கல் வைத்தவர். "அவரு பேருலதான் மண்டபம், கொஞ்சம் கம்பீரமா சொல்லு" என்றார். சொன்னேன். அடுத்த லயத்தில் பார்வதி அக்கா. அவருடைய அப்பா யூனியன் தலைவர் சுப்பையா. தோட்டம் பூராவையும் வேலைக்கு இறங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்காம்பிரா வாங்கித் தந்தவர். அதற்கும் அடுத்தது எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் சிவா சேர். அவருடைய அப்பா சுப்பையா மாஸ்டர், லயத்திலிருந்து போய் முதன்முதலில் வாத்தியாரானவர். மூன்று பேரும் கும்பிட வேண்டியவர்கள்தான். யாரோடும் எனக்குச் சண்டை இல்லை.

அதனால் எல்லாரையும் சந்தோசப்படுத்தலாம் என்று ஒரு குறுக்கு யோசனை வந்தது. ராஜு அண்ணன் பக்கம் கங்காணி, பார்வதி அக்கா பக்கம் தலைவர், சேர் வீட்டுப் பக்கம் மாஸ்டர். ஒவ்வொரு இடத்திலும் அந்த வீட்டுக்காரர் குரலிலேயே சொன்னேன். சுனில் அய்யா கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒவ்வொரு வளைவிலும் "கொயி சுப்பையாத, நங்கி?" என்று கேட்டார். எந்தச் சுப்பையா தங்கச்சி என்று. நான் சிரித்தேன். மலைச்சரிவில் ஒரு பக்கம் சொன்னால் மறுபக்கம் எதிரொலிக்கும் என்பதைப் பிறந்ததிலிருந்து அந்த மலையிலேயே இருக்கிற நான் மறந்துபோனேன். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா குனிந்து பார்த்துச் சொன்னார்: "பாப்பா, மூணு எடத்துல மூணு விதமா சொல்றியே, எங்களுக்கு எல்லாம் கேக்குது. காத்துக்கு டிவிஷன் கெடையாது."

எழுதிக்கொண்டு வராத ஆள்

அதற்குப் பிறகு மூன்று வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு துண்டோடு வந்தார்கள். மைக்கில் இதைச் சொல், அதைச் சொல்லாதே. பைப்படியில் வைத்து செல்வி அக்கா என்னைப் பிடித்தார். கையில் துண்டு இல்லை. "எங்க அப்பா பேரும் சுப்பையாதான்" என்றார். தகரம் சுப்பையாவின் மகள். நான் வாய் சும்மா இருக்காமல் யூனியன் மேடைக் குரலில், "தோழர் என்ன சாதித்தார் என்பதைச் சபைக்குச் சொல்லுங்கள்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

நான் கைக்குழந்தையாக இருந்த வருசம். நாலு நாள் விடாத மழை. வேலை நிறுத்தி எல்லாரும் வீட்டுக்குள். மண்டபத்துக்கு எதிரே இப்போது புல் மூடிக் கிடக்கிற மேட்டில்தான் எட்டாம் லயம் இருந்தது. அக்காவின் அப்பா தண்ணி ஓடுகிற கான் அடைத்திருக்கிறதா என்று பார்க்க மேலே போனார். மண் வாய் பிளந்திருந்தது. கோழிக்கூட்டின் தகரத்தைப் பிய்த்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் அடித்துக்கொண்டு லயம் லயமாக ஓடி வந்தார். திட்டிக்கொண்டுதான் எல்லாரும் வெளியே வந்தார்கள். வராதவர்களை இழுத்துப் போட்டார். கடைசி ஆள் பள்ளிக்கூடத்துக்குள் வந்த பிறகு லயம் சரிந்தது. அந்தத் தகரச் சத்தத்தில் அவருடைய இடது காது போனது. வலது காதும் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. பேர் மட்டும் தகரம் என்று நிலைத்துவிட்டது. "அப்ப நீ உங்க அம்மா இடுப்புல இருந்த" என்றார். நான் எத்தனை தடவை அந்த மனுசரைப் பார்த்துத் தகர டப்பா மாதிரி 'டங் டங்' என்று வாயால் சத்தம் போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசியாகச் சொன்னார்: "கல்லுல எல்லாம் வேணாம் புள்ள. ஒரு தடவ மைக்குல சொல்லு. அடுத்த வருசம் சொன்னா அவருக்குக் கேக்காது."

பாண்காரருக்கு ஒரு மண்டபம்

தகரம் சுப்பையாவைப் பற்றியும் விழாவில் சொல்லலாமா என்று கமிட்டியில் போய்க் கேட்டேன். முதல் தடவையாக என் சொந்தக் குரலில் பேசியதால், ஒருவருக்கும் நான்தான் பேசுகிறேன் என்று நம்பிக்கை வரவில்லை. ராஜு அண்ணன், உயிரோடு இருக்கிறவர் பேரை மண்டபத்தில் சொன்னால் ஆயுசு குறையும் என்றார். அவரை நான் ஏற்கெனவே மைக்கில் ஒரு தடவை சாகடித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே என்றேன். மாமா என் காலை மிதித்தார். முடிவில் மூன்று குடும்பமும் தங்களுக்குள் ஒரு சமாதானத்துக்கு வந்தன. மூன்று பேரையும் பற்றி ஆளுக்கு இரண்டு வரி, நாலாவது ஆள் கிடையாது.

துண்டில் இருப்பதை மட்டும் வாசி, ஒரு சொல் கூடினாலும் மைக்செட் ஆம்பை நிறுத்திவிட்டு உன்னையும் நிறுத்திவிடுவேன் என்று மாமா சொல்லிவிட்டார். விடிந்ததும் பாட்டுப் போட்டுக்கொண்டு த்ரீவீலில் பாண் ரொட்டி விற்க வருகிறவரை எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சிவா சேர் அவரை நினைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னார்: "சத்தம் போட்டுக்கொண்டு வருவதெல்லாம் சாதனை என்றால், பாண்காரருக்கும் ஒரு மண்டபம் கட்ட வேண்டி வரும்."

துண்டு முடிந்த இடம்

திறப்பு விழா காலை. கல்லின் மேல் சிவப்புத் துணி. செல்வி அக்கா அப்பாவைக் கூட்டிவந்து கடைசி வரிசையில், வலது காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருந்தார். நான் துண்டை வாசித்தேன். கங்காணியைப் பற்றி ராஜு அண்ணன் குரலில், தலைவரைப் பற்றிப் பார்வதி அக்கா குரலில், மாஸ்டரைப் பற்றி "பிள்ளைகளே, கவனியுங்கள்" என்று சிவா சேர் குரலில். சனம் சிரித்துச் சிரித்து நாற்காலி கிரீச்சிட்டது. சிவா சேரே சிரித்தார். துண்டு முடிந்தது. மாமாவின் விரல் ஆம்ப் சுவிட்ச் மேல் இருந்தது.

நாலாவது ஆளுக்கு என்னிடம் குரல் இல்லை. அவர் மைக்கில் பேசியதே இல்லை, நான் நடித்துக் காட்ட. அதனால் என் குரலிலேயே சொன்னேன். "எட்டாம் லயம் சரிஞ்ச அன்னைக்கு அதுல குடியிருந்தவங்க கொஞ்சம் எந்திரிங்க." சிரிப்பு நின்றது. முதலில் எங்கள் அம்மா எழுந்தார். பிறகு கொழுந்தெடுக்கிற அக்காமார் வரிசையாக. ராஜு அண்ணனின் பெண்சாதி எழுந்ததும் அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தார். அம்மாவும் அவரும் அந்த லயத்தில் வளர்ந்தவர்கள். முன்வரிசையில் சிவா சேர் மட்டும் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எழுந்து நின்ற அவருடைய அம்மா, மாஸ்டரின் பெண்சாதி, மகன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். என் கையிலிருந்த மைக் அதையும் பிடித்துக்கொண்டது: "எந்திரிடா. கணக்குப் புத்தகத்த எடுத்துக்கிட்டுத்தான் வருவேன்னு உள்ள நின்ன ஒன்னையத்தான் அவரு தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனாரு."

ஒரு காது

"அன்னைக்குத் தகரம் அடிச்சவரு சுப்பையா. அவரு இங்கதான் இருக்காரு" என்றேன். வாசலில் த்ரீவீலில் சாய்ந்து நின்ற சுனில் அய்யா, வேண்டுமென்றே உரக்கக் கேட்டார்: "கொயி சுப்பையாத, நங்கி?" நான் பதில் சொல்வதற்குள் ராஜு அண்ணன் கடைசி வரிசையைக் கையால் காட்டினார். "அந்தா" என்றார்.

கிழவருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. எல்லாரும் தன் பக்கம் திரும்பி நிற்பதைப் பார்த்தவர், எங்கேயோ திரும்பவும் மண் சரிந்துவிட்டதோ என்று முதலில் ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தார். செல்வி அக்கா வலது காதில் குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் மைக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் வாயருகே நீட்டினேன். அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்குத் தொண்ட கிழிய கத்துனேன், ஒருத்தனும் லேசுல எந்திரிக்கல. இன்னைக்குச் சும்மா ஒக்காந்திருக்கேன், அத்தன பேரும் எந்திரிச்சு நிக்கிறீங்க."

கல்லில் இன்னும் வெறும் 'சுப்பையா மண்டபம்' என்றுதான் இருக்கிறது, ஆனால் நாலு வீட்டுக்காரர்களும் அது தங்கள் ஆள் என்று முறை வைத்துத் துடைப்பதால், எங்கள் மலையிலேயே பாசி பிடிக்காத கல் அது ஒன்றுதான்.