தாடி வளர்க்கும் தெரு

தலையில் கை வைத்ததுமே, "அட, நீங்களா சார்! போன தடவ வலது பக்கம் கொஞ்சம் தூக்கலா விட்டுட்டேன், இன்னிக்கு சரி பண்ணிடுறேன்" என்கிறார் ஸ்டைல் அண்ணன். சலூனுக்குள் நுழைகிறவர் யாரென்று அவருக்குத் தெரிவது உச்சந்தலையில் விரல் பட்ட பிறகுதான். அதுவரை எல்லோருக்கும் பொதுவாக, "வாங்க, வாங்க, உக்காருங்க." ஆணியில் தொங்கிய என் மழைக்கோட்டைக்கூட ஒருமுறை உபசரித்திருக்கிறார்.

எந்தத் தலை வந்தாலும் "ஸ்டைலா முடிச்சிடலாம்" என்று துண்டை உதறுவதால் வந்த பெயர் இது. வயது அறுபதை நெருங்குகிறது. இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் முழுக்க வெளுத்துவிட்டது. வலது கண் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. முடி வெட்டுவதில் குறை சொல்ல முடியாது. சீப்பும் விரல்களும் பழகிய பாதையில் தாமாகவே போய்விடும். சவரம்தான் சிக்கல். அங்கே கத்தியின் நுனி எங்கே நிற்கிறது என்பது கத்தியைப் பிடித்தவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதல் பலி வங்கிக் காவலாளி. மோவாயில் மூன்று இடத்தில் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அடுத்து, காதோரத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி மருந்துக்கடைக்காரர். "லேசா காத்து பட்ருச்சு, அவ்ளோதான்" என்று ஸ்டைல் அண்ணன் படிகாரத்தைத் தேய்த்துவிட்டார். அந்தப் படிகாரக் கட்டி கரைந்த வேகத்தைப் பார்த்துத் தெரு உஷாராகிவிட்டது. ஆனால் வேறு சலூனுக்குப் போக யாருக்கும் மனசு வரவில்லை. நேரே சொல்லவும் வாய் வரவில்லை. எனவே ஒவ்வொருவராகத் தாடி வைத்தோம். காவலாளிக்கு அது எடுபட்டது. மருந்துக்கடைக்காரருக்கு மோவாயில் மட்டும் முளைத்துக் கன்னத்தில் முளைக்க மறுத்துவிட்டது. எனக்கோ, ஊரைவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தவனின் களை. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், "இங்க ஏதாவது நாடகம் கீடகம் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"இப்பல்லாம் தாடிதான் சார் ஃபேஷன். சேவிங்கே வர மாட்டேங்குது" என்பார் ஸ்டைல் அண்ணன். நாங்களும் ஆமாம் போடுவோம்.

அறுவை சிகிச்சைக்கு அவர் அரசு மருத்துவமனையில் பதிந்து வருஷக்கணக்காகிறது. நடுவில் அங்கே கண் பிரிவுக்கென்று புதுக் கட்டடம் எழுந்தது, ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினார்கள். சன்னலுக்கெல்லாம் கண்ணாடி வந்துவிட்டது, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ்தான் வரவில்லை. லென்ஸ் வந்தபோது மயக்க மருந்து கொடுப்பவர் இல்லை. அவரும் வந்தபோது கருவிகளைக் கொதிக்கவைக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. யாரையும் தனியாகக் குறை சொல்ல முடியாதபடி அவ்வளவு ஒற்றுமையாக அங்கே வேலை நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருமுறை கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. பச்சை அங்கி மாட்டி, சொட்டு மருந்து விட்டு, எந்தக் கண் என்று குழம்பாமலிருக்க இடது புருவத்தின் மேல் மையால் பெருக்கல் குறியும் போட்டார்கள். மேஜையில் படுத்த பிறகு, டாக்டர் பார்க்கிற நுண்ணோக்கியின் பல்பு போய்விட்டது. வேறு பல்பு வாங்க மேலிடத்து அனுமதி வேண்டும். இவர் புருவத்துக் குறியோடு வீடு திரும்பினார்.

அதை அழிக்க மாட்டேன் என்றுவிட்டார். "அழிச்சிட்டா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பாங்க சார். இது இருந்தா, பாதி வேல முடிஞ்ச ஆளுன்னு முன்னாடி விட்ருவாங்க." குளிக்கும்போது நெற்றியைக் காப்பாற்றியே குளித்தார். அப்படியும் மங்கிவிட்டதால், ஒரு நாள் அவருடைய மனைவி எதிரே உட்கார்ந்து பேனாவால் புதிதாகப் போட்டுவிட்டார். எதிரே உட்கார்ந்ததால் குறி வலது கண்ணுக்கு மாறிவிட்டது. நான் பதறிப்போய்ச் சொன்னேன். "போட்டா என்ன, அந்தக் கண்ணுக்கும்தான் வேணும்" என்று அந்த அம்மாள் பேனாவை மூடினார்.

எல்லோருமாகச் சேர்ந்து தனியார் மருத்துவமனையில் பார்த்துவிடலாம் என்று நாங்கள் சொல்லிப் பார்க்காமலில்லை. "கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கூப்புடுற நேரம் நான் வேற எங்கியாவது படுத்திருந்தா மரியாதயா இருக்குமா?" என்று கேட்டார். மரியாதையைப் பற்றி யார் யாருக்குக் கவலை பாருங்கள்.

போன வாரம் கூப்பிட்டார்கள். காலையில் கணவனும் மனைவியும் ஆட்டோவில் ஏறியதைப் பார்த்துத் தெருவே கையசைத்தது. மதியம் எட்டிப் பார்த்தால், சலூன் திறந்திருக்கிறது. வாடிக்கையாளர் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"டாக்டரம்மாவ மாத்திட்டாங்களாம். புது டாக்டர் வந்ததும் சொல்லியனுப்புவாங்க." தன் மோவாயைத் தடவிக்கொண்டார். பிறகு, "எத்தன நாளைக்கு சார் இப்பிடிப் பொறுத்துக்குவீங்க?" என்றார்.

மருத்துவமனையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, எனக்கிருந்த ஆத்திரத்தில் ஏதோ திட்ட வாயெடுத்தேன்.

"அதில்ல சார். அரிக்கலியா ஒங்களுக்கெல்லாம்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நானும் ஃபேஷன் ஃபேஷன்னு சொல்லிட்டே இருக்கேன், நீங்களும் தலையாட்டிட்டே இருக்கீங்க. எவ்ளோ நாளக்கி?"

"எழுந்திரிங்கண்ணே" என்றேன். நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். "சேவிங் பண்ணுங்க."

"நெசமாவா?"

"ஸ்டைலா முடிங்க."

அவர் முகத்தில் வந்த சிரிப்பைக் கண்ணாடியில் பார்த்தேன். துண்டைக் கழுத்தில் சுற்றினார். தாடியைக் கத்தரியால் ஒட்டக் குறைத்தார். தண்ணீர் தெளித்து, பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி இரண்டு கன்னத்திலும் நுரை பொங்கப் போட்டார். கத்தியில் புது பிளேடைச் செருகினார். கட்டை விரலால் என் கன்னத்தை மேலே இழுத்தார். காதுக்குக் கீழே பிளேடின் குளிர்ச்சி பட்டது. பயமாகத்தான் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

கத்தி நகரவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் அதை மடக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளிலிருந்த துண்டின் முனையை எடுத்து, முகத்து நுரையை ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல், மெதுவாகத் துடைத்துவிட்டார்.