தாத்தாவும் மிக்ஸர் பெட்டியும்

எங்கள் வீட்டில் தாத்தாவும் மாமாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். முகம் திருப்பிக்கொண்டு போகிற சண்டை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். "சோறு ஆறிப்போவுதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்பார் தாத்தா. "எனக்குப் பசிக்கலன்னு சொல்லு பாப்பா" என்பார் மாமா. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சேதி இருவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். இருந்தாலும் நான் ஒருமுறை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தாத்தா அடுத்த கவளத்தை எடுக்க மாட்டார்.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்த வினை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த மாமா, திடீரென்று அதை விட்டுவிட்டு, இனிமேல் மைக் செட் வைக்கப்போவதாகச் சொல்லி, சென்னைக்குப் போய், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு மிக்ஸர் பெட்டி வாங்கி வந்தார். "டிப்ளமா படிக்க வச்சது மைக்கு செட்டு கட்டவா?" என்று தாத்தா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு மாமாவிடம் நேராக ஒரு சொல் கிடையாது.

எனக்கோ அந்தப் பெட்டியை விட்டு நகர மனமில்லை. என் பள்ளிக்கூடப் பையில் வைத்தால் உள்ளே போய்விடும், அவ்வளவு சின்னது. அதற்குள் எத்தனை சமாசாரம்! மேலே வரிசை வரிசையாகத் திருகும் குமிழ்கள், கீழே மேலும் கீழும் நகர்த்துகிற ஸ்லைடுகள், ஓரத்தில் நெல்மணி அளவில் விளக்குகள். மாமா மைக்கில் "ஹலோ" என்றால் பச்சை விளக்கு எரியும். கத்தினால் சிவப்பு. நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் பொட்டு வைக்காமல் விடுவாளா என் அம்மா? மாமா குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, ஒவ்வொரு ஸ்லைடின் தலையிலும் சந்தனத்தைக் குழைத்து வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டாள். மாமா ஈரத்துண்டோடு ஓடிவந்தார். "அய்யய்யோ அக்கா! என்னா வேல செஞ்சி வச்சிருக்க!"

"சாமி பொட்டுதானடா, அதுல என்னா ஆயிடும்?"

ஆகித்தான் விட்டது. மற்றதையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டார். கடைசி ஸ்லைடில் மட்டும் சந்தனம் தண்ணியாக உள்ளே இறங்கிக் காய்ந்துபோய், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் பாதியில் நின்றுவிட்டது. காது குடையும் பட்ஸை வைத்து நோண்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், ம்ஹூம். மறுநாள் சிதம்பரத்தில் அவருக்கு முதல் புக்கிங். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே எங்களுக்குப் புளிச்சோறு கட்டினாள்.

கீழவீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஒரு பெண்ணின் நாட்டிய அரங்கேற்றம். அன்றைக்குப் பார்த்துத் தாத்தாவுக்கும் நடராஜர் தரிசனம் பண்ணவேண்டும் என்று தோன்றிவிட்டது. மாமாவின் வேனிலேயே வந்தார். கோயிலுக்குப் போனவர், போன சுருக்கில் திரும்பி, "உள்ள கூட்டம் ஜாஸ்தி" என்று என்னிடம் சொல்லிவிட்டு மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

மாமா வயர்களை இழுத்து மாட்டினார். பாட்டுக்கு ஒரு மைக், தாளத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் ஒவ்வொன்று. சந்தன ஸ்லைடை, இடையிடையே அறிவிப்புச் சொல்கிறவரின் மைக்குக்குக் கொடுத்துவிட்டார். அதை ஏற்றி இறக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி மூடித் திறந்தால் போதும்.

பிறகு என் தலையில் ஹெட்போனை மாட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். அடேயப்பா! பாடுகிற அம்மாவின் வளையல் சத்தம் என் காதுக்குள் கேட்டது. இன்னொரு பொத்தான். மிருதங்கக்காரர் யாரிடமோ காபி கேட்டார். மேடை எங்கோ இருக்கிறது, மண்டபத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை, எனக்கு மட்டும் கேட்கிறது. ஸ்பீக்கருக்குப் போகாமல் மூடி வைத்த மைக்கையும் இந்தப் பெட்டி கேட்டுக்கொண்டிருக்கும் என்றார் மாமா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நாட்டியம் தொடங்கியதும் தாளம் மண்டையைப் பிளந்தது, பாட்டு கேட்கவே இல்லை. கூட்டம் மேடையை விட்டுவிட்டு மைக் செட்காரரைத் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அப்பா எங்களை நோக்கி எழுந்து வந்தார். முதல் புக்கிங்கே போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. மாமா பெட்டிமேல் குனிந்தார். தாளத்தின் ஸ்லைடைக் கொஞ்சம் இறக்கினார், மிருதங்கத்தை இன்னும் கொஞ்சம். பாட்டைத் தொடவே இல்லை. ஆனால் அந்த அம்மாவின் குரல் எழும்பி வந்து மண்டபத்தை நிறைத்தது! பெண்ணின் அப்பா பாதி வழியில் நின்று, அப்படியே திரும்பிப் போனார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். தாத்தா நாட்டியத்தைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் மாமா ஸ்பீக்கரை முதலில் அணைத்தார், இல்லாவிட்டால் 'டொப்'பென்று வெடிக்குமாம். பெட்டியில் இன்னும் விளக்கு எரிந்தது. அவர் வயர் சுருட்ட, நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி விளையாடினேன். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் தூக்கிவாரிப் போட்டது. காதுக்குள் தாத்தா!

நிமிர்ந்து பார்த்தால் அவர் மேடையில், அறிவிப்பு மைக்குக்குப் பக்கத்தில், ஒரு பெரியவரோடு நின்றுகொண்டிருந்தார். "மாமா, தாத்தா பெட்டிக்குள்ள பேசுறாரு!" என்றேன். மாமா குனிந்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதுக்குத் திருப்பிக்கொண்டார்.

"மைக் செட்டு ஆருங்க? ஒரு வார்த்த சிந்தாம கேட்டுச்சு" என்றார் பெரியவர்.

"எம் மவன்தாங்க" என்றார் தாத்தா. "சின்னப் புள்ளயிலேயே அவனுக்குக் காது கூர்மைங்க. நான் வேல முடிஞ்சி வர்றப்ப, தெருமொனையில என் செருப்புச் சத்தம் கேட்டாலே, அப்பா வர்றாருன்னு அவுங்க அம்மாகிட்ட ஓடிப்போய் சொல்லிடுவான்."

சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தார். மாமா அங்கேதான் நின்றார். தாத்தா என்னைப் பார்த்து, "நேரமாவுது, சீக்கிரம் கெளம்பச் சொல்லு அவன்கிட்ட" என்றபடி வாசலுக்கு நடந்தார்.

நான் சொல்வதற்காகத் திரும்பினேன். மாமா ஹெட்போனை முழுதாகத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, காலியாகக் கிடந்த மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டி ஒரு காதை வைத்துப் பார்த்தேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான்.

"ஒண்ணுமே கேக்கலயே மாமா?"

"செத்த இரு பாப்பா."

அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஹெட்போன் இறுக்குகிறது போலிருக்கிறது, எனக்கும்தான் காது வலித்தது என்று நினைத்து, நாற்காலிமேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் விரலை விட்டு அதை மெல்லத் தளர்த்திவிட்டேன்.