கயிறு யார் கையில்?

நெஞ்சைப் படமெடுப்போர் நாள் முழுதும் ஓயாமல் சொல்வது "மூச்சை அடக்குங்கள்" என்பதே. உடனே இருமுவோரிடமும், அப்போதுதான் பேசத் தொடங்குவோரிடமும் நான் படும் பாட்டை, உடன்தொழில் செய்வோரே, நீங்கள் விளக்கமின்றி அறிவீர்கள்.

பாதி ஆழம்

தூத்துக்குடியில் நான் பணிபுரியும் இருதயப் பிரிவுக்கு ஆலந்தலையிலிருந்து சூசை வந்தார். கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். சில மாதங்களாக, சற்று நடந்தாலே நெஞ்சை அழுத்தியதாம். ஆஞ்சியோகிராம் மேசையில் படுத்தவரிடம் வழக்கம்போல் மூச்சை அடக்கச் சொன்னேன். மார்பு சிலையாய் நின்றது. அத்தனை தெளிவான படம் எனக்கு வாய்த்து நெடுநாளாயிற்று. "போதும், மூச்சு விடலாம்" என்றேன். அவர் வியப்புடன் கண் திறந்தார்.

"அம்புட்டுத்தானா தாயி? இப்பத்தான பாதி ஆழம் போயிருக்கேன்!"

மேலே நிற்பவன்

இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் இடப்பக்கத் தமனி, தொடக்கத்திலேயே நூலாய்ச் சுருங்கியிருந்தது. உள்ளே அடைப்போ இல்லை. ஸ்கேன் காரணத்தைக் காட்டியது. பிறவியிலேயே இதயச் சுவரில் ஓர் ஓட்டை. அதனால் நுரையீரலுக்குச் செல்லும் பெருங்குழாய் ஆண்டுக்கணக்கில் பருத்து, அருகிலிருந்த தமனியை நசுக்கிக்கொண்டிருந்தது.

எங்கள் டாக்டர், நோயாளிக்குப் புரியும்வரை எழுந்திருக்காதவர். பொறுமையாக வரைந்து காட்டினார். சூசையின் மனைவிக்கு அண்ணனான மிக்கேல் எட்டிப் பார்த்தார். "குழா உள்ள சுத்தமாத்தான் இருக்கு. மேல எவனோ ஏறி நிக்கான், அப்படித்தான?"

"அப்படியேதான். உள்ளே ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்துத் தாங்க வேண்டும். ஓட்டையைப் பிறகு அடைக்கலாம். தாமதித்தால் உயிர் திடீரென்று போகலாம்."

சூசை தலையசைத்து மறுத்தார். குளிப்பவரை மேலே இழுக்கும் கயிற்றைப் படகில் மனைவியின் உடன்பிறந்தானே பிடிப்பது அவர்கள் வழக்கம். தங்கையின் வாழ்வை எண்ணி அவன் பிடி தளராதாம்.

"மச்சான் கயிறு பிடிக்காம நான் எங்கனயும் இறங்குனதில்ல. இங்கன மட்டும் இறங்குவனா?"

இரண்டாம் அண்ணன்

டாக்டர் சிரிக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில், கண்ணாடிக்கு இப்பால், என் பக்கத்தில், ஒலிவாங்கியின் முன் மிக்கேலை அமர்த்திவிட்டே உள்ளே சென்றார். மெல்லிய கம்பி தமனிக்குள் நகர்ந்தது.

"கயிறு ஆரு கையில?" என்றார் சூசை.

"என் கையில்தான்" என்றார் டாக்டர்.

"மச்சான் பாக்கானா?"

"பாத்துக்கிட்டுத்தாம்ல இருக்கேன். வாய மூடிட்டுக் கிட மாப்ள!" என்ற மிக்கேலின் இரு கைகளும் வெறுங்காற்றை இறுகப் பற்றியிருந்தன.

ஸ்டென்ட் விரிந்தது, திரையில் நூலாயிருந்த தமனி ஆறாய் ஓடிற்று. வெளியே வந்த டாக்டரின் கையை மிக்கேல் பிடித்துக்கொண்டார்.

"இன்னையிலருந்து என் தங்கச்சிக்கு ரெண்டு அண்ணன்மாரு, டாக்டரே!"

அண்ணன்மார் பெருகிவிட்ட அக்குடும்பத்தில், படமெடுத்த எனக்கு மட்டும் "மூச்சு விடலாம்" என்று சொல்லும் பழைய வேலையே இன்றும் நிலைத்திருக்கிறது.