ஓரின் எழுதிய ‘இல்லை’

3,400. அமெரிக்காவின் வயோமிங்கில், வீட்லாண்ட் பக்கம் ஓரின் ஃபாஸ்பெண்டரை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணும் தெரியும். ஐம்பத்தாறு வயது. கவுண்டி சாலைத் துறையில் இருபத்தாறு வருடமாகச் சாலையைச் சமன்செய்யும் கிரேடர் ஓட்டுகிறார். போன ஜூன் மாதம் தீவனக் கடையில் யாராவது “எத்தனைல பிடிக்குது ஓரின்?” என்று கேட்டால், “மூவாயிரத்து நானூறு” என்று மார்பை நிமிர்த்திச் சொன்னவர். இப்போது யாரும் கேட்பதில்லை.

அது அவருடைய செவர்லே பிக்கப் வண்டியின் கன்வெர்ட்டருக்கான எண். கிளட்ச் இல்லாத வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் எண்ணெய் நிறைந்த உருளை அது. இன்ஜின் நிமிடத்துக்கு அத்தனை சுற்றைத் தொடும்வரை நழுவவிடும். தொட்டபின் இறுக்கிப் பிடிக்கும். பிடிக்கும் எண் உயர உயர, சிக்னலில் வண்டி வில்லிலிருந்து விட்டதுபோல் பாயும். ஆனால் நழுவும் நேரமெல்லாம் எண்ணெய் கொதிக்கும்.

அந்த ஜூனுக்கு முந்தைய குளிர்காலத்தில் ஓரின் இன்ஜின்மேல், காற்றைத் திணித்துச் சக்தி கூட்டும் சூப்பர்சார்ஜர் ஏற்றினார். அந்த வேகத்தைப் பழைய கன்வெர்ட்டர் தாங்கவில்லை. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, சமையலறை மேசையில் இருந்தபடி மிசௌரியில் கன்வெர்ட்டர் கட்டும் மெர்ல் என்பவருக்குப் போன் போட்டார். எதிரே பக்கத்துப் பண்ணை லைல் ஹாட்ச் காபியோடு உட்கார்ந்திருந்தான். “ட்ரெய்லர்னு வாயத் திறந்துடாத. ட்ராக்டருக்குப் போடறத அனுப்பி வச்சிடுவான்” என்று முன்பே ஓதியிருந்தான்.

“வண்டி எடை?” என்றார் மெர்ல்.

“நாலாயிரத்து எண்ணூறு பவுண்டு.”

“எடை மேடைல ஏத்திப் பாத்தீங்களா, மனசுல ஏத்திப் பாத்தீங்களா?”

ஓரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயாயிரத்து முந்நூறு.”

“அப்படி வாங்க வழிக்கு. எத்தன குதிரைசக்தி?”

“அறுநூறு.”

“சரி, ஐந்நூறுன்னு போட்டுக்கறேன்.”

வண்டிக்காரர்கள் சக்தியைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்வது மெர்லுக்குப் பழகிப்போனது. பெண் பார்க்க வந்தவர்களிடம் வயதைச் சொல்வதுபோலத்தான் அது. அவர் கழித்துக் கூட்டிக்கொள்வார். ஆனால் அடுத்த கேள்விக்கு வரும் பொய்யைக் கழிக்க அவரிடம் வழி கிடையாது.

“ட்ரெய்லர் எதாவது இழுப்பீங்களா?”

ஜன்னலுக்கு வெளியே குதிரை ட்ரெய்லர் நின்றது. அதன் நிழலில் ஓரினின் மனைவி ட்வைலா, நிக்கல் என்ற தன் பெண் குதிரைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லைங்க.”

“படகு, கேம்ப்பர், குதிர? ஒண்ணுமே இல்லையா?”

லைல் காபிக் கோப்பைக்குள் பார்த்தான்.

“இல்ல.”

“அப்படின்னாலும் உங்களுக்கு ரெண்டாயிரத்து நானூறு போதும். சூப்பர்சார்ஜர் கொறஞ்ச சுத்துலயே தள்ளும். தள்ளறத எதுக்கு நழுவ விடணும்?”

“மூவாயிரத்து நானூறே குடுங்க.”

“வண்டி உங்களோடது. உங்ககிட்ட இருக்கற ஆர்டர் படிவத்துல பதினோராவது கேள்வி, ட்ரெய்லர் இழுப்பீங்களான்னுதான். உங்க கையாலயே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.”

லைல் கிளம்பிப் போனபின், ‘இல்லை’ என்று எழுதினார். பேனாவை மூடும்போது ட்வைலா உள்ளே வந்தாள்.

“ட்ரெய்லர இழுக்குமில்ல?”

“இழுக்கும்.”

“அவர்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன்.”

கோடை முழுக்க ஓரினுக்குக் கொண்டாட்டம். சிக்னலில் பக்கத்தில் நின்ற எந்த வண்டியும் அவருடைய பின்விளக்கைத்தான் பார்த்தது. ட்வைலாவின் போட்டிகள் பெரும்பாலும் டோரிங்டன் பக்கம், சமதரை. ட்ரெய்லர் பின்னால் வந்தாலும் வண்டி சமாளித்தது. கிளம்பும்போது மட்டும் ஒரு இழுபறி.

“இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. நம்ம ஊர் கவுன்சில் கூட்டம் மாதிரி இருக்கு” என்றாள் ட்வைலா ஒரு தடவை. ஓரின் பேச்சை மாற்றினார்.

ட்வைலா பீப்பாய்ப் பந்தயக்காரி. மூன்று பீப்பாய்களைக் குதிரையில் சுற்றி வந்து, நொடியை நூறாகப் பிரித்து அளக்கும் ஓட்டம் அது. பதினேழு வருடம் முயன்று, ஐம்பத்தோராவது வயதில் முதல்முறையாக லாரமியில் நடக்கும் இறுதிச்சுற்றுக்குத் தேறியிருந்தாள். நிக்கலுக்குப் பத்தொன்பது வயது. இந்தப் பருவத்தோடு போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு அவள் முறை.

லாரமிக்கு சிபில் பள்ளத்தாக்கு வழியாகப் போனார்கள். மேடு ஏற ஏற கியர்பெட்டியின் வெப்பமுள் ஃபாரன்ஹீட்டில் இருநூற்று இருபதைத் தொட்டது, பிறகு இருநூற்றைம்பது. ஓரின் ஏசியை அணைத்தார். ட்வைலா முள்ளைப் பார்த்தாள். இருநூற்றெண்பதில் கருகிய எண்ணெய் வாடை வந்தது. ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தபோது சிவப்பு எண்ணெய் சூடான குழாயில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. மறுபடி கியர் போட்டார். வண்டி அசையவில்லை. பள்ளத்தாக்கில் போன் சிக்னலும் இல்லை.

மணி பன்னிரண்டே கால். ட்வைலா குதிரையை இறக்கி, வாளித் தண்ணீரால் அதன் கழுத்தை நனைத்தாள்.

“அந்த மிசௌரிக்காரர் என்ன சொன்னார்?” என்றாள் திரும்பாமல். “ட்ரெய்லரப் பத்தி.”

“ட்ரெய்லர் இருக்குன்னே நான் சொல்லல.”

“குதிரையப் பத்தி?”

“அவரே கேட்டார். இல்லன்னுட்டேன்.”

அவள் கை நிற்கவில்லை. கழுத்திலிருந்து தோளுக்குப் போனது.

“சரி” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மூன்று மணி தாண்டி அந்த வழியே வந்த ஒரு பண்ணைக்காரர் தன் வண்டியில் ட்ரெய்லரை மாட்டி, அவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார். அவர்கள் லாரமி மைதானத்துக்குள் நுழையும்போது ஐந்தாகப் போகிறது. பீப்பாய்களை எடுத்துவிட்டிருந்தார்கள். முறை தவறினால் மறுமுறை கிடையாது. அவள் ஓடியிருந்தால் எல்லாம் பதினெட்டு நொடிக்குள் முடிந்திருக்கும்.

கியர்பெட்டியைக் கழற்றிய நாட்களில் ஓரினுக்கு அந்த மார்ச் மாதச் சனிக்கிழமைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. மெர்லிடம் சொன்ன பொய் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். லைல் இல்லாத சமையலறையில், கேட்ட கேள்விக்கு மனைவியிடம் “கேட்டேன்” என்றதுதான் அவரை உறுத்தியது. லைல் அன்று அரைமணி நேரம் முன்பே கிளம்பிப் போயிருந்தான். பழிபோடக்கூட ஆள் இல்லை.

செப்டம்பரில் மெர்லுக்கு மறுபடி போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

“வாரத்துக்கு மூணு பேராவது இப்படிக் கூப்பிடறாங்க” என்றார் மெர்ல். “இப்ப உண்மையச் சொல்லுங்க. என்ன இழுப்பீங்க?”

இந்தத் தடவை பதினோராவது கேள்விக்கு ஓரின் மூன்று வரி எழுதினார்: குதிரை ட்ரெய்லர், மூவாயிரம் பவுண்டு, ஒரு குதிரை, ஆயிரத்து நூறு, மலை ஏற்றம் உண்டு. ட்வைலா தோளுக்குமேல் எட்டிப் படித்தாள்.

“இப்ப எதுக்கு அதெல்லாம் எழுதற?” என்றாள். குரலில் கோபம் இல்லை. இனிப் பந்தயம் இல்லை என்று நிக்கலை மேய்ச்சலுக்கு விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

மெர்ல் அனுப்பிய கன்வெர்ட்டர் இரண்டாயிரத்து இருநூறில் பிடிக்கிறது. மேட்டில் முள் நூற்றெண்பதைத் தாண்டுவதில்லை. ட்ரெய்லரை ட்வைலா டோரிங்டனில் ஒரு குடும்பத்துக்கு விற்றுவிட்டாள். வரும் சனிக்கிழமை ஓரின் அதை இழுத்துக்கொண்டு போய் அவர்களிடம் விட வேண்டும்.