கேட்டில் செருகிய அழைப்பிதழ்

என் மனைவி அந்த இரண்டு மாதம் வீட்டில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. கூடுவாஞ்சேரியில் மகளுக்குப் பிரசவம் என்று அவள் அங்கே போய்விட்டாள். என்னை அதட்ட ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது.

கணவன், மனைவி, ஒன்பது வயது மகள். அவருக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருட வேலை. கடல் பக்கத்தில் இருந்தால்தான் வருவேன் என்று மகள் அடம்பிடித்ததால், நெம்மேலியைத் தாண்டி எங்கள் தெருவில் வீடு பிடித்தார்களாம். பதினாறு வீடுகள் உள்ள தெரு. அவர்களையும் என்னையும் விட்டால் மற்ற பதினான்கும் உள்ளூர்க் குடும்பங்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர்கள் ஓட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலும் சம்பளத்துக்குப் போகிறார்கள். நான் கும்பகோணத்துப் பக்கத்துக்காரன். அணு ஆராய்ச்சி வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே வீடு கட்டிக்கொண்டவன்.

வந்த மறுநாளே அந்த மனிதர் என் கேட்டைத் தட்டினார். இந்த ஊர்ப் பழக்கவழக்கங்களை நான்தான் சொல்லித்தர வேண்டும் என்றார். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு.

முதலில் உண்மையைத்தான் சொன்னேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்படம் செய்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்றேன். அது சரி. எண்ணெய் நன்றாக ஊற, தெருவில் மூன்று முறை போய்வர வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை காலை, ஆறடி உயர மனிதர் அரைக்கால் சட்டையோடு, உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் மினுமினுக்க, எல்லோருக்கும் கும்பிடு போட்டபடி நடந்துபோனார். நான் மாடியில் துணி காயப்போடுவது போல் நின்று ரசித்தேன்.

எதிர்வீட்டுப் பெண்மணி என்னை அண்ணாந்து பார்த்தாள். கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை செய்பவள், இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய்.

"இன்னா சார், எண்ணெச் சட்டியிலேர்ந்து எடுத்த வடை மாரி போய்க்கினுகீறாரு! யாரு ஏத்தி வுட்டது?"

"எனக்கென்னம்மா தெரியும்? அவங்க நாட்டுப் பழக்கமா இருக்கும்" என்றேன்.

இதெல்லாம் வேடிக்கை. அடுத்தது வேடிக்கை இல்லை.

அந்தச் சிறுமிக்கு நான்தான் 'தாத்தா' என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன். மாலையில் என் வீட்டுக்கு வந்து அதிரசம் தின்பாள். ஒரு மாதம் போனதும் எதிர்வீட்டு இரட்டையர் அவளுக்குக் கூட்டாளிகள் ஆனார்கள். வீட்டுக்குள் போகாமல், தெருவாசலிலேயே நொண்டி ஆட்டம். என் அதிரசத்தை எறும்பு மொய்த்தது. எனக்குப் பொறாமை வந்தது. எழுபத்து மூன்று வயதில், இரண்டு எட்டு வயதுப் பிள்ளைகள் மேல்.

அப்போதுதான் அவள் அம்மா வந்து சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். தன் ஊர்த் தோழிகளை விட்டு வந்ததிலிருந்து பிள்ளை இந்த ஒரு நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள். தெரு முழுவதும் வர வேண்டும் என்கிறாள். இங்கே எப்படி அழைப்பது முறை?

முறை எனக்குத் தெரியும். குடும்பத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். வாசலோடு நிற்காமல் உள்ளே போய் உட்கார வேண்டும். கொடுக்கிற தண்ணீரையோ டீயையோ குடித்துவிட்டுச் சொல்ல வேண்டும். இந்தத் தெருவில் அது மிக முக்கியம். தங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காத மேல்தெருக்காரர்களை மூன்று தலைமுறையாகப் பார்த்தவர்கள் இவர்கள். ஆனால் பதினான்கு வீட்டில் உட்கார்ந்து எழுந்தால் இந்த டென்மார்க் குடும்பம் தெருவுக்குச் சொந்தமாகிவிடும். அப்புறம் என்னிடம் யார் வந்து கேட்பார்கள்?

"கார்டு எழுதி கேட் இடுக்கில் செருகிவிடுங்கள். மணி அடிக்காதீர்கள். வீட்டுக்குள் நுழைவது இங்கே மரியாதைக் குறைவு" என்றேன்.

சொன்னதன் விளைவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. என் மகள் கல்யாணத்துக்கு நானே அப்படித்தான் செருகிவிட்டு வந்தேன். ஒரு வீடும் வரவில்லை. இதுகளுக்கு நாகரிகம் தெரியவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். இருபது வருடத்தில் அந்த வீடுகளில் ஒன்றிலும் நான் கால் வைத்ததில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணி. வாசலில் பந்தல், வாடகை நாற்காலிகள் ஐம்பது, பலூன், சமோசா, கேக். செங்கல்பட்டில் வாங்கிய பச்சைப் பட்டுப்பாவாடையில் அந்தப் பெண் கேட்டருகே நின்றாள். ஐந்தரை ஆயிற்று. நாற்பத்தொன்பது நாற்காலி காலி. ஒன்றில் நான். எதிரே இரட்டையர் புதுச்சட்டை போட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார்கள். சிறுமி என்னிடம் திரும்பி, "தாத்தா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் எழுந்து தெருவைக் கடந்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி வாசலில் நின்றாள்.

"இன்னா சார், வழி மாறி வந்துட்டீங்களா?"

"பசங்கள அனுப்பும்மா. அந்தப் பொண்ணு அழுதுடும் போலிருக்கு."

"வூட்டுக்குள்ள கால் வெக்காம கார்டு சொருவிட்டுப் போனாங்க. நாங்க மட்டும் போயி அவுங்க சேர்ல குந்தணுமா? நீங்களும் அப்டித்தான சொருவினீங்க, பொண்ணு கல்யாணத்துக்கு."

"அவங்க மேல தப்பில்ல. உள்ள போகக்கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"இன்னாத்துக்கு?"

"எல்லாரும் ஒண்ணாயிட்டா என்னை யாரும் தேட மாட்டாங்கன்னு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பாளா, துரத்துவாளா என்று புரியவில்லை. "உள்ள வா சார்" என்றாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக மரியாதை விகுதி போயிருந்தது. சோபாவில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேனா என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"குட்ச்சியா? மிச்சம் பதிமூணு வூடு கீது. இதே மாரி ஒவ்வொரு வூட்லயும் சொல்லிக்கினு வா. அப்பத்தான் வருவாங்க."

"பதிமூணு டீயா? எனக்குச் சக்கரை வியாதிம்மா."

"தண்ணி குடி."

போனேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தேன், குடித்தேன், ஒப்புக்கொண்டேன். ஒரு வீட்டில் திட்டினார்கள். இன்னொரு வீட்டில் சிரித்துப் புரையேறி, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்தார்கள். கடைசி வீட்டை முடித்தபோது ஆறே முக்கால். வயிறு குடம் போல் தளும்பியது. பந்தலில் உட்கார நாற்காலி இல்லாமல் ஆட்கள் நின்றார்கள். பச்சைப் பாவாடையின் ஓரம் நொண்டி ஆட்டத்தில் கிழிந்திருந்தது.

நான் சொல்வதற்குள் அந்தத் தம்பதியிடம் எதிர்வீட்டுக்காரி தன் ஓட்டல் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். இருந்தாலும் நானும் சொன்னேன். கணவர் காலித் தட்டுகளை எடுத்து அடுக்கப் போய்விட்டார். அவர் மனைவி, "எங்கள் மகள் கேட்டருகே காத்து நின்றபோது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்" என்று மட்டும் சொன்னாள். சிறுமி எனக்குக் கேக் கொடுத்தாள். தாத்தா என்று கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். ஆனால் இப்போதும் நான் எந்தப் பழக்கத்தைச் சொன்னாலும், "இரு தாத்தா" என்று தெருவைக் கடந்து ஓடி, எதிர்வீட்டில் விசாரித்துவிட்டு வந்துதான் நம்புகிறாள்.