காட்டேரி நாவல்களும் கேட்டில் நின்ற தங்கையும்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குடிதண்ணீர் பிடித்து வைத்தேன். 7.40 பஸ்ஸில் பெரம்பலூரிலிருந்து அரியலூர். ஆபீஸில் உட்கார்ந்தபோது 9.10.

ஏழு வருடமாக எதிர் மேசையில் இருப்பவள் செந்துறைப் பக்கத்துக்காரி. அவளுடைய பெற்றோர் எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலிக்குப் போனவர்கள். என்னை அண்ணே என்பாள். இருவருக்கும் ரத்தக்காட்டேரி நாவல் பைத்தியம். நான் வாங்கி அட்டை போட்டுக் கொடுப்பேன். அவள் ஓரங்களில் பென்சிலால் எழுதித் திருப்பித் தருவாள். எனக்குப் பிடிக்காத பழக்கம், ஆனாலும் அழித்ததில்லை.

அன்று சாப்பாட்டு வேளையில் ஒரு நாவலைத் திருப்பித் தந்தாள்.

"ஊரு வேற, நிறம் வேற, பொறப்பு வேற. ஆனா ஒரே கூரைக்குக் கீழ குடும்பமா இருக்குதுங்கண்ணே. காட்டேரிங்களுக்கு இருக்குற அறிவு நமக்கு இல்ல."

டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னாள்: "ஆடி பொறக்குறதுக்குள்ள பாப்பாவுக்குக் காது குத்தணும். எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. நீங்கதான் மடியில வச்சுக்கணும்."

அது தாய்மாமன் இடம். "அதுக்கென்னம்மா" என்றேன். நோட்டை எடுத்து, தோடு, துணி, பழத்தட்டு என்று எழுதவும் தொடங்கிவிட்டேன்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல மாமன் வூட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும்ல? எங்க வைக்கட்டும், கேட் மேலயா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு நாட்களில் புத்தகம் வாங்க என் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நானே புத்தகத்தோடு கேட்டுக்கு ஓடியிருக்கிறேன். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"வீட்டுக்காரன் வான்னு சொல்ற வரைக்கும் காட்டேரியும் வாசல்லதான் நிக்கும். அந்தப் பக்கத்துல கோடு போட்டிருக்கேன், பாத்துக்கங்க" என்றபடி கை கழுவப் போனாள்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்பாள், பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன்.

"நான் என்னைக்கு வேணாம்னேன்? அந்தப் புள்ள மணியடிச்சதும் என்னை எழுந்திரிக்க விடாம நீங்கதான் ஓடுவீங்க" என்றாள்.

டைரியில் அதை அப்படியே எழுதினேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதலில் அவளுக்குப் போன் செய்தேன். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னேன். சாப்பாடு இங்கேதான் என்றேன்.

"எத்தனை மணிக்குண்ணே?"

"பத்தரைக்கு மேல வாம்மா. ராகு காலம் முடியட்டும்."

"காட்டேரிக்கு ஏதுண்ணே ராகு காலம்?"

சரி, ஒன்பதுக்கே வா என்றேன்.